பலாலி – சென்னை: தூரம் மாறவில்லை, நேரமே மாறியது

இரு நகரங்களுக்கு இடையிலான தூரம் எவ்வளவு, விமானத்தில் சென்றால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற வினா, பாடசாலை மாணவர்களின் பொது அறிவுப் போட்டிக்குரிய ஒன்றாகவே பலருக்கும் தோன்றக்கூடும். விடையும் எளிதானதே. பலாலிக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம். பயணச்சீட்டிலும் கால அட்டவணையிலும் இவ்வாறே குறிக்கப்படுகின்றது. ஆனால் இந்த 355 கிலோமீற்றரைக் கடக்க வடபகுதி மக்களுக்கு உண்மையில் எவ்வளவு காலம் சென்றது என்று கேட்டால், அதற்கான விடை எந்தக் கால அட்டவணையிலும் கிடைக்காது. அதனை இந்நாட்டின் அரசியல் வரலாற்றிலேயே தேட வேண்டியுள்ளது.

வரைபடம் ஒன்றை விரித்து, பலாலியை மையமாக வைத்துச் சில தூரங்களை அளந்து பார்ப்போமாயின் வியப்பளிக்கும் உண்மைகள் புலப்படும். பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 330 கிலோமீற்றர். சென்னைக்கு 355 கிலோமீற்றர். அதாவது, நாட்டின் தலைநகரப் பகுதியும் தமிழகத்தின் தலைநகரும் யாழ். குடாநாட்டிலிருந்து ஏறக்குறைய சம தூரத்திலேயே அமைந்துள்ளன. திருச்சிராப்பள்ளியோ இன்னும் அண்மையில், ஏறக்குறைய 185 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றது. கோடிக்கரை முனைக்கு 60 கிலோமீற்றர் மாத்திரமே. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குச் செல்லும் தரைவழித் தூரமும் அதனை அண்டியதே என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ளலாம்.

மற்றுமொரு கோட்டையும் வரைந்து பார்க்கலாம். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 645 கிலோமீற்றர். அடிமட்டத்தை வைத்து அந்தக் கோட்டை வரைந்தால் அது எங்கு செல்கின்றது? புத்தளம், மன்னார் மாவட்டங்களைக் கடந்து யாழ். குடாநாட்டின் மேலாக, பலாலிக்குச் சில கிலோமீற்றர் மேற்கே செல்கின்றது. விமானங்கள் எப்பொழுதும் நேர்கோட்டில் பறப்பதில்லை என்பது உண்மையே. எனினும், யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை செல்ல விரும்பிய ஒருவர் பல தசாப்தங்களாக 350 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே சென்று, அங்கிருந்து விமானமேறி, மீண்டும் தான் புறப்பட்ட ஊரின் திசையிலேயே பறந்து வர வேண்டியிருந்தது என்பதில் மாற்றுக் கருத்திற்கு இடமில்லை.

இந்தக் கோட்டினை எமக்கு முதன்முதலில் வரைந்து காட்டியவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர். போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த 2003ஆம் ஆண்டில், வெள்ளவத்தையில் உறவினர் ஒருவரின் வீட்டில் அவரைச் சந்தித்தோம். கோப்பாயிலிருந்து புறப்பட்டு, முகமாலையிலும் ஓமந்தையிலும் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, கொழும்பு வந்து சேர்ந்திருந்தார். சென்னையில் வாழ்ந்த அவருடைய மூத்த சகோதரி காலமாகி மூன்று வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. செய்தி கிடைத்த அன்றே புறப்பட விரும்பியவருக்கு விசாவும், பயணச்சீட்டும், கொழும்பில் தங்குமிடமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடையாக நின்றன. "தம்பி, செத்தவீட்டுக்குத்தான் போக முடியேல்லை. அந்தியேட்டிக்காவது போய்ச் சேருவம் எண்டு நிக்கிறன்" என்றார். பின்னர் மேசையில் கிடந்த நாட்காட்டியின் பின்புறத்தில் இலங்கையின் உருவத்தை வரைந்து, கட்டுநாயக்கவையும் சென்னையையும் ஒரு கோட்டினால் இணைத்து, "என்ரை வீட்டுக் கூரைக்கு மேலாலைதான் போகப்போறன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றும் எமது நினைவில் நிற்கின்றது.

தூரத்தை அளப்பதற்குக் கிலோமீற்றரை விடவும் பொருத்தமான அளவுகோல் ஒன்றை அவர் எமக்குத் தந்தார் என்றே கருதுகின்றோம். ஒரு நகரம் அண்மையில் உள்ளதா, தொலைவில் உள்ளதா என்பதை அறிய வேண்டுமாயின், அங்கு நிகழும் மரண வீட்டிற்கு உரிய நேரத்தில் போய்ச் சேர முடியுமா என்று கேட்டால் போதுமானது. ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்யும் கடப்பாடுடைய முஸ்லிம் சகோதரர்களுக்கு இந்த அளவுகோல் இன்னும் கடுமையானது. இந்த அளவுகோலின்படி, 355 கிலோமீற்றர் தூரத்திலுள்ள சென்னை, யாழ்ப்பாணத்திற்கு நெடுந்தொலைவு நகரமாகவே நீண்ட காலம் இருந்து வந்துள்ளது.

ஆரம்பத்தில் இவ்வாறு இருக்கவில்லை

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையினால் அமைக்கப்பட்டதே பலாலி ஓடுபாதையாகும். போர் முடிந்த பின்னர் அது சிவில் விமானப் போக்குவரத்திற்குப் பயன்படுத்தப்பட்டது. எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது சேவை 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என அழைக்கப்பட்ட இந்தப் பலாலி நிலையத்தில் தரித்து, அங்கிருந்து சென்னையைச் சென்றடைந்தது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரு மாதங்கள் இருந்த வேளை அது. இந்நாட்டின் தேசிய விமான சேவையினது வரலாற்றின் முதற் பக்கத்திலேயே யாழ்ப்பாணம் இடம்பெற்றுள்ளது என்பதை இன்றைய தலைமுறையினரில் எத்தனை பேர் அறிவர்?

அன்று பறந்தது டகோட்டா விமானம். மணித்தியாலத்திற்கு ஏறக்குறைய 270 கிலோமீற்றர் வேகத்தில் செல்லக்கூடியது. அவ்வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால் பலாலியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் சென்றிருக்கும். இன்று இதே வழித்தடத்திற்குரிய ஏ.டி.ஆர். 72 ரக விமானத்திற்கு ஒன்றேகால் மணித்தியாலம் தேவைப்படுகின்றது. முக்கால் நூற்றாண்டு காலத் தொழில்நுட்ப வளர்ச்சி இவ்வழித்தடத்தில் மிச்சப்படுத்தித் தந்தது கால் மணித்தியாலமே. ஆனால் இடைப்பட்ட காலத்தில் இழக்கப்பட்டதோ பல தசாப்தங்கள்.

கடல்வழியும் அவ்வாறே. 1914ஆம் ஆண்டு தொடங்கிய தலைமன்னார் – தனுஷ்கோடி கப்பற் சேவை, இரு கரைகளிலும் புகையிரதப் பாதைகளுடன் இணைக்கப்பட்டிருந்தது. கொழும்புக் கோட்டையில் ஏறிய ஒருவர் சென்னை எழும்பூரில் இறங்கும் வகையில் அந்த ஒழுங்கு அமைந்திருந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பற் சேவையை 1980களில் யுத்தம் நிறுத்தியது. எயார் சிலோன் 1978ஆம் ஆண்டு செயலிழந்தது. 1983ஆம் ஆண்டிற்குப் பின்னர் பலாலி முற்றுமுழுதாக இராணுவ முக்கியத்துவம் வாய்ந்த தளமாக மாறியது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் தமது வீடுகளையும் செம்மண் தோட்டங்களையும் விட்டு வெளியேற, அப்பிரதேசம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று.

அதே 1990ஆம் ஆண்டின் ஒக்டோபர் மாத இறுதியிலேயே யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் 70 ஆயிரத்திற்கும் அதிகமானோர். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். வடக்கின் தூரங்களைப் பற்றிப் பேசும் எவரும் இந்தத் தூரத்தையும் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். சோனகதெருவிலிருந்து புத்தளத்திற்கு உள்ள தூரம் ஒரு நாட் பயணம். ஆனால் புத்தளத்திலிருந்து சோனகதெருவுக்குத் திரும்பும் தூரத்தைப் பல குடும்பங்கள் மூன்று தசாப்தங்கள் கடந்தும் கடக்கவில்லை.

யுத்த காலத்தில் பலாலியிலிருந்து பொதுமக்கள் பறக்கவே இல்லை என்று கூறிவிட முடியாது. இரத்மலானைக்கான சேவைகள், பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்குக் கட்டுப்பட்டு, இடையிடையே நடைபெற்று வந்தன. 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் வீழ்ந்தபோது அதில் இருந்த 55 பேரும் உயிரிழந்தனர். ஏ–9 வீதி மூடப்பட்டிருந்த அக்காலத்தில் அந்த 330 கிலோமீற்றர் வான்பயணம் மக்களுக்கு ஆடம்பரம் அன்று, வேறு வழியின்மை. அந்தக் குடும்பங்களின் துயரையும் பலாலி வழித்தடத்தின் வரலாறு தன்னகத்தே கொண்டுள்ளது.

திறப்பதும் நிலைப்பதும்

2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவினாலும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவினாலும் திறந்து வைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி இந்தியாவின் அலையன்ஸ் எயார் நிறுவனம் சென்னையிலிருந்து வாரத்திற்கு மூன்று சேவைகளை ஆரம்பித்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்த வேளையில் இத்திறப்பு விழா நிகழ்ந்ததைச் சிலர் விமர்சித்தனர். அவ்விமர்சனத்தில் நியாயம் இருந்தது. ஆயினும், மக்கள் அந்த விமானத்தில் ஏறினர் என்பதே பெரிய உண்மை.

நான்கு மாதங்கள் சென்றதும், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொவிட் பெருந்தொற்றின் காரணமாகச் சேவை நின்றது. உலகம் முழுவதும் விமானங்கள் தரையிறக்கப்பட்டிருந்த காலம் அது என்பதால் எவரையும் குறைகூறுவதற்கில்லை. ஆனால் கட்டுநாயக்க 2021ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி சுற்றுலாப் பயணிகளுக்கு மீளத் திறக்கப்பட்டது. பலாலியில் சென்னை விமானம் மீண்டும் தரையிறங்கியதோ 2022ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி. இடைவெளி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். இந்தியா தனது வழமையான சர்வதேச சேவைகளை 2022 மார்ச் மாத இறுதியிலேயே மீள ஆரம்பித்தது என்பதையும், அவ்வாண்டில் எமது நாடு எரிபொருளின்றித் தவித்தது என்பதையும் நாம் மறக்கவில்லை. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், ஒரே நாட்டின் இரு சர்வதேச விமான நிலையங்கள் இருவேறு கடிகாரங்களின்படி இயங்கின என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை.

அதன் பின்னர் நிலைமை முன்னேறியதை மகிழ்ச்சியுடன் குறிப்பிட வேண்டும். 2024 செப்டெம்பர் முதலாம் திகதி இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையே நாளாந்த சேவையை ஆரம்பித்தது. 2025 மார்ச் மாத இறுதியில் திருச்சிராப்பள்ளிக்கான சேவையும் தொடங்கப்பட்டது. கடல்வழியில், 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி கோலாகலமாக ஆரம்பித்து ஒரு வாரத்திற்குள் நின்றுபோன நாகபட்டினம் – காங்கேசன்துறை கப்பற் சேவை, 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி மீள ஆரம்பிக்கப்பட்டது. ஏறக்குறைய 110 கிலோமீற்றர் கொண்ட அப்பயணத்திற்கு நான்கு மணித்தியாலங்கள் அளவில் செல்கின்றது.

நேரத்தின் கணக்கு

இனி, பயண நேரம் என்பது எதனால் ஆனது என்பதைச் சற்று ஆராய்வோம். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஜெட் விமானம் ஒன்று 645 கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய 1 மணித்தியாலம் 20 நிமிடங்களை எடுக்கின்றது. பலாலியிலிருந்து செல்லும் உந்துவிசிறி விமானமும் அதனை அண்டிய நேரத்தையே எடுக்கின்றது. தூரம் ஏறக்குறைய பாதியாக இருந்தும் நேரம் பாதியாகக் குறையாமைக்குக் காரணம் உண்டு. ஜெட் விமானம் மணித்தியாலத்திற்கு 800 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும், ஏ.டி.ஆர். விமானத்தின் வேகமோ ஏறக்குறைய 500 கிலோமீற்றர். அத்துடன் ஓடுபாதையில் ஊர்ந்து செல்வதற்கும், மேலெழுவதற்கும், இறங்குவதற்கும் ஆகும் நேரம் தூரம் குறைந்தாலும் பெரிதாகக் குறைவதில்லை.

எனவே வானத்தில் யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த இலாபம் சில நிமிடங்களே. இலாபம் முழுவதும் தரையிலேயே உள்ளது. முன்னர், இரவு பஸ்ஸிலோ புகையிரதத்திலோ ஏழெட்டு மணித்தியாலங்கள். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலங்கள். பின்னர் விமானப் பயணம். பலருக்கு இடையில் கொழும்பு விடுதியொன்றில் ஓரிரவும் சேர்ந்துகொள்ளும். இப்பொழுது யாழ். நகரிலிருந்து பலாலிக்கு ஏறக்குறைய 16 கிலோமீற்றர். முக்கால் மணித்தியாலம் போதும். காலை உணவை வீட்டில் உண்டவர் மாலைத் தேநீரைச் சென்னையில் அருந்தலாம். நோயாளிக்கும், முதியவருக்கும், கைக்குழந்தையுடன் செல்லும் தாய்க்கும் இந்த வேறுபாட்டின் பெறுமதியை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இக்கணக்கில் கால அட்டவணை காட்டாத மற்றுமொரு பகுதியும் உண்டு. அது காத்திருப்பு. வாரத்திற்கு மூன்று சேவைகள் மாத்திரம் இருப்பின், ஒரு விமானத்திற்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 56 மணித்தியாலங்கள் உள்ளன. ஒரு விமானத்தைத் தவறவிட்டவருக்கு அந்த ஒன்றேகால் மணித்தியாலப் பயணம் மூன்று நாட் பயணமாகிவிடுகின்றது. நாளாந்த சேவை இருப்பின் அவ்விடைவெளி 24 மணித்தியாலமாகக் குறைகின்றது. சேவை தொடருமா, தொடராதா என்ற ஐயம் எழுந்துவிட்டாலோ, திரும்பி வரும் திகதியை நிச்சயித்துக்கொள்ள முடியாத நோயாளி மீண்டும் கட்டுநாயக்க வழியையே நாடுவார். ஆகவே விமானத்தின் வேகத்தை விடவும் சேவையின் நிலைபேறே பயண நேரத்தைத் தீர்மானிக்கின்றது என்பது எமது கருத்தாகும்.

பலாலிக்குப் போதிய பயணிகள் இல்லை, ஆகையால் மேலதிக முதலீடு நியாயமற்றது என்ற வாதம் கொழும்பில் அவ்வப்போது எழுவதுண்டு. இவ்வாதம் காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றி வைக்கின்றது. நிச்சயமற்ற சேவைக்குப் பயணிகள் வரமாட்டார்கள். பயணிகள் வராத சேவை நிச்சயமற்றதாகவே இருக்கும். இந்த வட்டத்தை எவரேனும் ஓரிடத்தில் அறுக்க வேண்டும். அதனைச் செய்யவேண்டியவர் தனிப்பட்ட பயணியல்லர்; அரசாங்கமே. வீதிகளும் புகையிரதப் பாதைகளும் முதல் நாளிலேயே இலாபம் தரவேண்டும் என்று உலகில் எந்த அரசும் எதிர்பார்த்ததில்லை.

ஓடுபாதையின் கீழ் உள்ள மண்

இவ்விடத்திலேயே சிக்கலான வினா ஒன்று எழுகின்றது. ஏ.டி.ஆர். 72 ரக விமானம் முழுச் சுமையுடன் எழுவதற்கு ஏறக்குறைய 1,400 மீற்றர் ஓடுபாதை போதுமானது. ஏ–320 வகையைச் சேர்ந்த ஜெட் விமானத்திற்கோ 2,000 மீற்றருக்கு மேல் தேவைப்படும். ஜெட் விமானங்கள் வருமாயின் ஆசனங்கள் அதிகரிக்கும். பொதிகளின் அளவு கூடும். கட்டணம் குறைய வாய்ப்புண்டு. தமிழகத்திற்கு அப்பாலுள்ள நகரங்களுக்கும் வழி திறக்கும். தமிழகத்தில் அகதிகளாக வாழ்ந்து, தமது உடைமைகளுடன் ஊர் திரும்ப விரும்பும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இது சிறிய விடயமன்று.

ஆனால் ஓடுபாதையை விஸ்தரிப்பது என்பது காற்றில் நிகழ்வதன்று. பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி ஆகிய கிராமங்களின் காணிகள் அந்நிலையத்தைச் சூழவுள்ளன. 1990இல் அங்கிருந்து வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் தமது காணிகளைக் காணாமலேயே மறைந்துவிட்டனர். காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு வந்துள்ள போதிலும் பணி முற்றுப்பெறவில்லை. விமான நிலையம் 2019இல் திறக்கப்பட்டது. அதன் அருகாகச் செல்லும் வசாவிளான் – பலாலி வீதி பொதுமக்களின் பாவனைக்கு, அதுவும் நிபந்தனைகளுடன், திறந்துவிடப்பட்டது 2025 ஏப்ரல் மாதத்தில். சென்னையிலிருந்து வருபவர் ஒன்றேகால் மணித்தியாலத்தில் பலாலியில் இறங்க, பலாலியில் பிறந்தவர் தனது வளவுக்குள் காலடி வைப்பதற்கு 35 ஆண்டுகள் காத்திருந்தார்.

விமான நிலையமா, காணியா என்று இதனை இரண்டில் ஒன்றாக மக்கள் முன் வைப்பது நியாயமற்றது. சிவில் விமானப் போக்குவரத்திற்கு உண்மையில் எவ்வளவு நிலம் தேவை, பாதுகாப்பின் பெயரால் வைத்திருக்கப்படுவது எவ்வளவு என்பது பகிரங்கமாக அளந்து வெளியிடப்பட வேண்டும். தேவையற்றது உரியவரிடம் கையளிக்கப்பட வேண்டும். தேவையானதற்கு, உரிமையாளரின் பெயரைக் குறிப்பிட்டு, சந்தைப் பெறுமதிக்குக் குறையாத நட்டஈடும் மாற்றுக் காணியும் வழங்கப்பட வேண்டும். அவ்வாறு செய்யாது நீட்டப்படும் ஒவ்வொரு மீற்றரும் மக்களின் மனங்களில் மற்றுமொரு தூரத்தையே உருவாக்கும்.

தமிழ் அரசியல் தலைமைகளும் இவ்விடயத்தில் தமது பொறுப்பை உணர்தல் அவசியம். விமான நிலையத் திறப்பு விழாவில் முன்வரிசையில் அமர்வதும், பின்னர் அதனை இந்தியாவின் திட்டம் என்றோ தெற்கின் தேர்தல் தந்திரம் என்றோ ஒதுக்கிவிடுவதும் முரணானவை. சேவை நின்றிருந்த 33 மாதங்களில் இவ்வினாவை இடையறாது எழுப்பியவர்கள் எத்தனை பேர்? இதில் பத்திரிகைகளான நாமும் விதிவிலக்கல்லர். திறப்பு விழாக்களைத் தலைப்புச் செய்திகளாக்குவதில் காட்டிய ஆர்வத்தை, விமானம் வராத நாட்களை எண்ணுவதில் நாம் காட்டவில்லை.

அனைவருக்குமான தூரம்

இந்த வழித்தடத்தின் பயன் யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்கு மாத்திரமே உரியது என்று கருதுவது தவறாகும். நாகபட்டினத்தில் கப்பல் சென்றடையும் இடத்திற்கு மிக அண்மையிலேயே நாகூர் அமைந்துள்ளது. கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழா நாகூருடன் கொண்டுள்ள தொடர்பைக் கிழக்கிலங்கை முஸ்லிம்கள் நன்கறிவர். புடைவை, நகை வியாபாரத்தின் பொருட்டும் சிகிச்சையின் பொருட்டும் சென்னை சென்றுவரும் காத்தான்குடி, கல்முனை, மட்டக்களப்பு மக்கள் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தரைவழிப் பயணத்தை மேற்கொண்டே கட்டுநாயக்கவை அடைகின்றனர். மட்டக்களப்பிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 470 கிலோமீற்றரே. மட்டக்களப்பு விமான நிலையம் 2018ஆம் ஆண்டு சிவில் பாவனைக்கு விடப்பட்டது. வடக்கிற்குச் சாத்தியமானது கிழக்கிற்கும் சாத்தியமாகாமைக்கு இயற்கை காரணமன்று.

புத்தளத்தில் வாழும் யாழ். முஸ்லிம் குடும்பத்திற்கு இன்று கட்டுநாயக்கவே அண்மையானது. பலாலி அவர்களுடைய கணக்கில் இல்லை. அவர்கள் சோனகதெருவில் மீளக் குடியேறுவதற்கான வீடும், காணியும், தொழிலும் உறுதிசெய்யப்பட்டிருப்பின் பலாலி அவர்களுக்கும் முக்கால் மணித்தியாலத் தூரத்தில் இருந்திருக்கும். வடக்கின் விமான நிலையம் வடக்கின் மக்கள் அனைவருக்கும் உரியதாவதற்கு ஓடுபாதையை நீட்டுவது மாத்திரம் போதாது. வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பிவரும் பாதையும் செப்பனிடப்பட வேண்டும். இதனைக் கூறவேண்டிய கடமை தமிழ்ச் சமூகத்திற்கே முதலில் உண்டு.

ஆகவே, சம்பந்தப்பட்ட தரப்பினரிடம் நாம் கோருவது இதுவே. பலாலி சேவைகள் ஒரு நிறுவனத்தின் விருப்பிலோ, ஒரு தேர்தலின் காலத்திலோ தங்கியிராது, இரு அரசாங்கங்களுக்கும் இடையிலான நிலையான உடன்பாட்டின் கீழ் கொண்டுவரப்பட வேண்டும். சேவை நிறுத்தப்படுமாயின் அதற்கான காரணமும் மீள ஆரம்பிக்கும் திகதியும் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். விமானக் கட்டணத்தைத் தாங்க இயலாதோருக்காகக் கப்பற் சேவை, பருவமழைக் காலம் தவிர்ந்த ஏனைய மாதங்களில் தடையின்றி நடைபெற வேண்டும். காணி விபரங்கள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். இவற்றில் எதுவும் இயலாத காரியமன்று.

2015ஆம் ஆண்டு முதல் இலங்கையருக்கு இணையவழி இந்திய விசா கிடைக்கின்றது. யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் 2010ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. கோப்பாய் ஆசிரியரின் வழியை மறித்த தடைகளில் சில இவ்வாறு நீங்கியுள்ளன. அவர் இன்று உயிருடன் இல்லை. அன்று அவர் அந்தியேட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். ஆனால் சகோதரியின் முகத்தைக் காணவில்லை. இன்று அதே கோப்பாயில் ஒருவருக்குச் சென்னையிலிருந்து அவ்வாறான தொலைபேசி அழைப்பு வருமாயின், அவர் மறுநாளே மரண வீட்டின் வாசலில் நிற்க முடியும், பலாலியில் அன்று விமானம் இருக்குமாயின்.

அந்த 'இருக்குமாயின்' என்ற ஒரு சொல்லை அகற்றுவதே ஆட்சியாளர்களின் பணி. 355 கிலோமீற்றரை எவராலும் கூட்டவோ குறைக்கவோ இயலாது. நேரத்தைக் குறைக்கவும், குறைந்த நேரத்தை நிலைக்கச் செய்யவும் அவர்களால் இயலும். அவர்கள் அதனைச் செய்கின்றார்களா என்பதை இனியேனும் நாட்களை எண்ணிக் கவனித்து வருவோம்.